பெரும்புள்ளி

செயலாளர் வீட்டுக் கூடத்தில் மொத்தம் எழுபத்திரண்டு தரைக்கற்கள். அதில் எழுபத்தொன்றை எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம். மீதி ஒன்றை மட்டும் மண்டியிட்டு, கையால், காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். அந்தக் கல்லின் நடுவே சிவப்பு நாடாவில் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். நாடா உரியக் கூடாது, ஓரம் மடங்கக் கூடாது. ஏழு வருடமாகக் கறார் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெற்ற பெண்ணின் முகத்தைக்கூட அவள் இத்தனை பதமாகத் துடைத்ததில்லை.

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டு, நடைவழி, லிஃப்ட் எல்லாவற்றையும் பெருக்கித் துடைக்கும் நான்கு பெண்களில் அவள் ஒருத்தி. ஈரம் காய்வதற்குள் யார் வந்தாலும் "அங்கேயே நில்லுங்க" என்பாள். அது குடியிருப்பவராக இருந்தாலும் சரி, விருந்தாளியாக இருந்தாலும் சரி. அப்படி ஒற்றைக்காலில் நிறுத்தப்பட்ட யாரோ எரிச்சலில் வைத்த பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கட்டட வேலை தொடங்குமுன் காலையில் ஒரு மணி நேரம், மூன்றாம் மாடியில் செயலாளர் வீட்டைத் துடைப்பதும் அவள்தான்.

செயலாளர் என்றால் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஏதோ ஒரு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றாரே தவிர அதிகாரத்திலிருந்து இல்லை. ஒரு பல்பு மாற்றினாலும் சுற்றறிக்கை அடித்து லிஃப்டில் ஒட்டிவிடுவார். அந்த மனிதருடைய உயிர் முழுக்க ஒரு விளையாட்டில் இருந்தது.

பூமி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறார்களே, அந்த அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் முழு எண்ணில் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடிப் போய், படம் எடுத்து, எல்லோரும் பார்க்கப் போனில் போடுவதுதான் ஆட்டம். ஆடுகிறவர்கள் அந்த இடத்தைப் புள்ளி என்பார்கள். பாதிப் புள்ளிகள் கடலில் விழும், மீதியில் பாதி முட்காட்டில் விழும். மூன்று நாள் நடந்து போய் ஒரு பாறையைப் படம் எடுத்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டவர்கள் எல்லாம் உண்டாம். இவருக்கோ அது வீடு தேடி வந்து சோபாவுக்கு முன்னால் விழுந்திருந்தது. உட்கார்ந்த இடத்தில் ஊரெல்லாம் புகழ். செருப்புக்கூட மாட்ட வேண்டியதில்லை.

சுவரில் அந்த எண்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இரண்டு எண்கள், இரண்டிலும் புள்ளிக்குப் பின்னால் ஆறு சைபர். கட்டடத்தில் இருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பெரும்புள்ளி' என்றார்கள். அது காதில் விழுந்தபோது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். நல்ல மனசு.

வாரத்துக்கு ஒருமுறையாவது ஆட்டக்காரர்கள் யாராவது எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். செயலாளர் வாசல்வரை போய் வரவேற்பார். மனைவியை டீ போடச் சொல்வார். பிறகு போனைத் திறப்பார். அதற்குள் இருக்கும் பெண் குரல், "நீங்கள் இப்போது செயலாளர் இல்லம் என்னும் இடத்தில் இருக்கிறீர்கள்" என்று அறிவிக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் கண்கள் தாமாகவே பாதி மூடிக்கொள்ளும். அடுத்தது பிரசங்கம்.

"பாயிண்ட் நம்பர் ஒண்ணு. புள்ளிக்கும் போனுக்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம்னு போனே சொல்லிடும். என்னோடது ஒன்பது மீட்டர். அதைவிடக் கம்மியா யாராவது எடுத்தா என் படம் போயிடும், அவங்க படம் நிக்கும். சமமா வந்தா முதல்ல எடுத்தவங்களோடதுதான். நம்பர் ரெண்டு. யார் படம் நிக்குதோ அவங்க வெச்சதுதான் அந்த இடத்துக்குப் பேர். நம்பர் மூணு, இதுதான் முக்கியம். புள்ளிக்குப் போற வழி பகல்ல திறந்திருக்கணும். யார் வேணா வரலாம், யாரையும் கேக்க வேண்டியதில்ல. மாசம் ஒருதரம் யார் படம் நிக்குதோ அவங்களையே கேப்பாங்க, திறந்திருக்கான்னு. இல்லைன்னு சொன்னா அன்னிலேருந்து முப்பது நாள். அதுக்குள்ள திறக்கலைன்னா புள்ளி செத்துடும். அப்புறம் யாராலயும் அதை எழுப்ப முடியாது. அதனாலதான் நான் பகல்ல வாசக்கதவைப் பூட்டறதே இல்ல. அதுதான் இந்த ஆட்டத்தோட தர்மம்."

வந்தவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு சோபாவைக் காட்டிப் படம் எடுக்கக் கிளம்பும்போது, தரையில் மண்டியிட்டிருக்கும் கறார் செயலாளர் கண்ணில் படுவாள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. படத்துல விழறே."

அவளும் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளிக்கொள்வாள். ஏழு வருடத்தில் இந்தப் பிரசங்கத்தை முன்னூறு தடவையாவது கேட்டிருப்பாள். செயலாளர் நெஞ்சு வலித்து நடுவில் நிறுத்தினாலும் மீதியை இவளே முடித்துவைப்பாள்.

நான்கு பெண்களுக்கும் அந்தக் கட்டடத்தில் ஒதுங்க என்று ஓர் அறை கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மதியம் அதன் நிழல் ஒரு பாய் அகலத்துக்கு விழும். அந்த நிழலில் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, டப்பாவைத் திறந்து முக்கால் மணி நேரம். காலை ஆறு மணியிலிருந்து குனிந்தே இருக்கும் முதுகு அங்கேதான் முதல்முறையாக நிமிரும். துடைக்கும் மாடிகளை வைத்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒண்ணு-ரெண்டு என்பவள் பெரியவள், முட்டி வலிக்காரி. மூணு-நாலுதான் கறார். அஞ்சு-ஆறு வாயாடி. ஏழு-எட்டு கறாருடைய நாத்தனார். அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது, நிழலைப் பார்த்தாலே பயப்படுவாள்.

வம்பு வந்தது ஒரு சிரிப்பினால். ஒருநாள் சாப்பிடும்போது அஞ்சு-ஆறு கேட்டாள், "அது என்னக்கா, அவர் வீட்டுச் சுவத்துல அத்தனை நம்பர் மாட்டி வெச்சிருக்காரு?"

"அதுவா? பெரும்புள்ளி இல்லையா அவரு," என்றாள் கறார். "புள்ளிக்குப் பின்னாடி பாரு. எல்லாம் சைபர்."

ஒண்ணு-ரெண்டுக்குப் புரை ஏறிவிட்டது. நாத்தனார்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்கு பேரின் சிரிப்பும் தொட்டிச் சுவரில் மோதி, எட்டாம் மாடியில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையில் இறங்கியது. அவர் சங்கத்துக்குப் புகார் எழுதினார். மறுநாளே லிஃப்டில் சுற்றறிக்கை: 'வரும் முதல் தேதி முதல் மொட்டை மாடி பூட்டப்படும். பணியாளர்கள் அங்கு உட்காருவதற்கு முற்றுப்புள்ளி வைக்கப்படுகிறது.'

கறார் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நேராக மூன்றாம் மாடிக்குப் போனாள்.

"சார், மேல பூட்டிட்டா நாங்க எங்க சார் உக்காந்து சாப்பிடறது?"

செயலாளர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழ குப்பைத்தொட்டி ரூம் பக்கத்துல இடம் இருக்கே."

"நாத்தம் சார் அங்க. ஈ மொய்க்குது."

"நல்லா சுத்தம் பண்ணினா ஏன் மொய்க்குது?"

கறாருக்குச் சுருக்கென்றது. சுத்தம் பண்ணுகிறவளிடமே சுத்தம் பற்றிப் பாடம். "மாடி என்ன சார் பண்ணுச்சு? நாங்க யாருக்கும் இடைஞ்சல் பண்ணலையே."

"இதோ பாரும்மா. மாடி குடியிருக்கறவங்களுக்கு. அது உங்க இடம் இல்ல."

"அப்ப எங்க இடம் எது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புரியாதவர்போல ஒரு பார்வை. "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் மனைவி அடுக்களை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கறாருக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் கேட்காமல் வந்து சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறான், அது தர்மம். ஏழு வருடம் படியைத் தேய்த்தவள் மொட்டை வெயிலில் ஒரு துண்டு நிழலில் உட்கார்ந்தால் அது குற்றமா? அன்று முழுக்க அவள் துடைத்த படிகள் பளபளவென்று இருந்தன. அத்தனை ஆத்திரத்தையும் படியில்தான் காட்டினாள்.

பூட்டுப் போடுவதற்கு முந்தைய நாள் மதியம் நால்வரும் கடைசியாக மேலே போனார்கள். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கறார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே எட்டிப் பார்த்தாள். செயலாளர் வீட்டுப் பலகணிச் செடித்தொட்டி தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கூடத்துக்கு மேல் கூடம், அதற்கு மேல் கூடம், எட்டு மாடியும் ஒரே அச்சு. எட்டாம் மாடிக் கூடத்துக்கும் மேலே, இந்தத் தொட்டி.

"ஏண்டி," என்றாள் மெதுவாக. "கோடு குறுக்க போகும், நெடுக்க போகும். மேலயும் கீழயும் போறதா அவரு ஒருநாளும் சொன்னதில்லையே?"

"என்ன அண்ணி சொல்றீங்க?" என்றாள் நாத்தனார்.

கறார் போனை எடுத்தாள். மகள் பழசாகிவிட்டது என்று கழித்துக் கொடுத்த போன், கண்ணாடியில் ஒரு கீறல். ஆட்டத்தை அதில் இறக்குவதற்குள் டப்பாவில் சோறு காய்ந்துவிட்டது. திறந்ததும் திரையில் எண்கள் ஓடின. பதினேழு மீட்டர், பதினொன்று, ஆறு. தலைக்கு மேல் திறந்த வானம், செயற்கைக்கோளை மறைக்க ஒரு கம்பிகூட இல்லை. செயலாளர் தலைக்கு மேலேயோ ஐந்து மாடிக் கான்கிரீட். எண் நான்குக்கு வந்தது. அவள் வழக்கமாகச் சாயும் இடத்தில் முதுகை ஒட்டிக்கொண்டாள். இரண்டு.

"ரெண்டு," என்றாள் உரக்க. "அவரோடது ஒன்பது. நம்மோடது ரெண்டு!"

அஞ்சு-ஆறு எட்டிப் பார்த்தாள். "அப்படின்னா?"

"அப்படின்னா புள்ளி நம்ம முதுகுக்குப் பின்னாடி இருக்கு. இத்தனை நாளா அதுமேலதான் சாஞ்சிட்டிருந்தோம்."

படம் எடுக்கப் போனை நீட்டினாள். சட்டென்று மூன்று பெண்களும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஒரு போன் நீண்டதும் உடம்பு தானாக ஒதுங்கியது. அதைப் பார்த்ததும் கறார் போனைத் தாழ்த்தினாள். தானும் ஏழு வருடமாக இப்படித்தான் ஒதுங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாரும் தள்ளாதீங்க," என்று அதட்டினாள். "உக்காருங்க. இருந்த இடத்துலயே உக்காருங்க. காலை நீட்டு, ஒண்ணு-ரெண்டு அக்கா. எப்பவும் எப்படி நீட்டுவியோ அப்படி."

கையை எட்டின மட்டும் நீட்டி, தன்னையும் சேர்த்து எடுத்தாள். படத்தில் நான்கு முகம், நீட்டிய எட்டுக் கால்கள், நான்கு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், பின்னால் பாசி பிடித்த தொட்டி. 'இந்த இடத்தின் பெயர்?' என்று போன் கேட்டது. அஞ்சு-ஆறு ஏதேதோ சொன்னாள், எல்லாம் செயலாளரைத் திட்டுகிற பேர். கறார் கேட்கவில்லை. ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: நாங்க உட்கார்ற இடம்.

மறுநாள் காலை அவள் உள்ளே நுழையும்போதே செயலாளர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் எட்டுக் கால்கள்.

"என்ன இது?"

"படம் சார்."

"அழிச்சிடு. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

"ஏன் சார்? உங்களோடது ஒன்பது. எங்களோடது ரெண்டு. கம்மியா எடுத்தவங்க படம் நிக்கும். பாயிண்ட் நம்பர் ஒண்ணு."

நாற்காலிக்கும் சோபாவுக்கும் எடுத்த பாடத்தை யாரோ படித்துவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அது மொட்டை மாடி! புள்ளி இங்க, என் வீட்டுல! இவ்வளவு உயரத்துல போய் எடுத்தா செல்லாது. நான் எழுதிப் போடறேன் பாரு."

"எழுதுங்க சார்."

"உன்னை வேலையை விட்டே தூக்கச் சொல்லிடுவேன்."

"தூக்கச் சொல்லுங்க," என்றாள் கறார். "என்னைத் தூக்கலாம். படத்தைத் தூக்க முடியாது."

"இனிமே இந்த வீட்டுக்கு வராதே!"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அன்று சாயங்காலம் நாத்தனார் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பித்துவிட்டாள். "அண்ணி பண்ற வேலைக்கு என் வேலையும் போயிடும். என் மூஞ்சியும் அந்தப் படத்துல இருக்கு." கறாரின் கணவர் வேன் ஓட்டுகிறவர், வம்புக்கே போகாத மனிதர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு ஏன்டி இந்த வேண்டாத வேலை? அவங்க பெரிய இடம்."

"என்ன பெரிய இடம்? அவரும் நானும் ஒரே இடம். இந்தா, போன்லயே பாரு."

அவர் வாங்கிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்றுதான் முயன்றார், முடியவில்லை. பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "அழாதே. படத்துல நீ நல்லா விழுந்திருக்கே," என்றார். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்த பஞ்சாயத்து. ஆனால் கறாருக்கு அன்று படுத்த பிறகும் நாத்தனார் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. தன் வேலை போனால் போகட்டும். அவளுடையது போனால் எந்த முகத்தோடு பார்ப்பது?

மொட்டை மாடிக்குப் பூட்டு விழுந்தது, உள்ளங்கை அகலத்தில் புதுப் பூட்டு. நால்வரும் குப்பை அறைப் பக்கம் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். டப்பாவை ஒரு கையால் மூடிக்கொண்டே மறு கையால் சாப்பிட வேண்டியிருந்தது. காலை நீட்ட வழியில்லை. குப்பைப் பையோடு வருகிறவர்கள் எல்லாம், "கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றார்கள். ஒண்ணு-ரெண்டுக்கு நான்காம் நாளே முட்டி வீங்கிவிட்டது.

செயலாளர் ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு மூன்று பக்கத்துக்கு எழுதினார், பாயிண்ட் பதினான்குவரை. பதில் ஒரே வரியில் வந்தது: 'எங்கள் ஆட்டத்தில் உயரத்துக்குக் கணக்கில்லை.' அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவிதான் லிஃப்டில் கறாரைப் பார்த்தபோது, கதவு மூடும் நேரம் பார்த்து, அந்த வரியை அப்படியே சொல்லிவிட்டு எதுவும் நடக்காததுபோல வெளியே போனார்.

அடுத்து அவரே சாவியோடு மாடிக்கு ஏறினார். உச்சி வெயிலில் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அஞ்சு-ஆறு கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு வந்து நடித்தே காட்டினாள். மூன்று வந்தது, இரண்டு வந்தது, மறுபடி மூன்று. புள்ளி தொட்டிக்குள்ளே இருந்தது. ஒன்று வர வேண்டுமானால் அவர் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இரண்டுக்கு இரண்டு சமம், சமம் என்றால் முதலில் எடுத்தவர். அவரே சொன்ன பாடம்.

அந்த வாரந்தான் கறாருடைய போனில் கேள்வி வந்தது. 'உங்கள் புள்ளிக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா?'

"என்னக்கா போடப் போறே?" என்றாள் அஞ்சு-ஆறு.

"உள்ளதைத்தான்," என்று சொல்லி, 'இல்லை' என்பதை அமுக்கினாள். ஆட்டத்தில் அந்தப் புள்ளி சிவப்பாகியது. கீழே எழுதிக் காட்டியது: இன்னும் முப்பது நாள்.

முதல் வாரம் செயலாளர் முறைப்பாகவே இருந்தார். இரண்டாம் வாரம் இரண்டு ஆட்டக்காரர்கள் வந்து, சிவப்பைப் பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார்கள். மூன்றாம் வாரம் யாருமே வரவில்லை. வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது, உள்ளே அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சுத்தம் செய்யும் நிறுவனத்துக்குப் போன் போட்டு அவளை அனுப்பிவிடச் சொன்னதாகவும் பேச்சு வந்தது. அதைக் கேட்டதும் கறார் படிக்கட்டில் அவரை வழிமறித்தாள். படி ஈரமாக இருந்தது, அவரால் நகர முடியவில்லை.

"சார், என்னைத் தாராளமா அனுப்புங்க. வீட்டுல உக்காந்துட்டு இல்லை, இல்லைன்னு அமுக்கிட்டு இருப்பேன். இங்க இருந்தாலாவது பூட்டு திறந்திருக்கான்னு பாத்துச் சொல்ல முடியும். ஆனா ஒண்ணு. மத்த மூணு பேர்மேல கை வெச்சீங்கன்னா, புள்ளியை நானே சாகவிட்டுடுவேன்."

அவர் ஈரம் காயும்வரை ஒற்றைக்காலில் நின்றுவிட்டுப் போனார்.

இருபத்தேழாம் நாள் மதியம் செயலாளர் குப்பை அறைப் பக்கம் வந்தார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. மூக்கைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று கை பாதியில் நின்றது. நான்கு பெண்களும் வாளியின் மேல் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். பழக்கத்தில் எழுந்திருக்கப்போன நாத்தனாரின் தோளைக் கறார் அழுத்தி உட்கார வைத்தாள்.

"மூணு நாள்தான் இருக்கு," என்றார் செயலாளர். குரலில் பழைய மிடுக்கு இல்லை. "செத்துட்டா அப்புறம் எழுப்ப முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"திறந்திருக்குன்னு போட்டுடேன். ஒரு தட்டு தட்டினா போதும்."

"திறங்க. தட்டறேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, இரகசியம்போலச் சொன்னார், "சரி, ஒண்ணு பண்ணலாம். உனக்கு மட்டும் ஒரு சாவி தரேன். நீ போய் உக்காந்துக்கோ. மத்தவங்க வேணாம். புகார் வருது, பாரு."

அஞ்சு-ஆறின் கை டப்பாவில் நின்றது. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். இப்படித்தான் முடியும் என்று அவளுக்கு முன்பே தெரிந்ததுபோல இருந்தது அவள் குனிந்த விதம். கறாருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தவில்லை. போனைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"பேரைப் படிங்க சார்."

"எனக்குத் தெரியும்."

"வாய்விட்டுப் படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க உட்கார்ற இடம்."

"'நான்'னு போட்டிருக்கா?"

செயலாளர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சாவி வேணாம் சார். சாவி இருந்தா பூட்டு இருக்குன்னு அர்த்தம். யாரையும் கேக்காம வரணும், பகல்ல திறந்தே இருக்கணும். நீங்க சொன்னதுதான். பூட்டைக் கழட்டிக் கொண்டாங்க."

செயலாளர் திரும்பி லிஃப்டுக்குப் போனார். அவர் வருவதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் ஈ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவர் வந்து பூட்டைக் கறாரின் கையில் வைத்தார். வெயிலில் கிடந்த இரும்பு, சுட்டது. அவள் அதைத் தன் வாளிக்குள் போட்டாள். டங்கென்று ஒரு சத்தம். பிறகு போனை எடுத்து, மூவரும் பார்க்க, 'ஆம்' என்பதை அமுக்கினாள். ஒண்ணு-ரெண்டு எழுந்து நின்று, வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே, "லிஃப்ட்ல போலாமா?" என்றாள். லிஃப்டிலேயே போனார்கள்.

அடுத்த வாரம் செயலாளரின் மனைவியே கூப்பிட்டு அனுப்பினார். சோபாவுக்கு அடியில் ஒரு மாதத் தூசி. கறார் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. புள்ளி பச்சையாகிவிட்டதைப் பார்த்துவிட்டு, முதுகுப்பையோடு ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். செயலாளருக்குப் பழைய உயிர் வந்துவிட்டது. வாங்க வாங்க என்றார், டீ போடச் சொன்னார், சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டினார்.

வந்த பெண் போனைத் திறந்தாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"நீங்கள் இப்போது நாங்க உட்கார்ற இடம் என்னும் இடத்தில் இருக்கிறீர்கள்."

செயலாளரின் கண்கள் இந்த முறை மூடவில்லை. அந்தப் பெண் சோபாவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல பேரா இருக்கே. யார் வெச்சது?"

அடுக்களையில் கரண்டி கீழே விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "படம் எடுங்க, படம் எடுங்க. வெளிச்சம் இப்பதான் நல்லா இருக்கு." அப்போது தரையில் மண்டியிட்டிருந்தவள் கண்ணில் பட்டாள். ஏழு வருடப் பழக்கம், நாக்கு நிற்கவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. படத்துல விழறே."

கறார் கையில் இருந்த துணியை மடித்துத் தரையில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"இது என் புள்ளி சார்," என்றாள். "நீங்க தள்ளிக்குங்க."

போனை நீட்டிய பெண் அவளைப் பார்த்தாள், பிறகு செயலாளரைப் பார்த்தாள், காத்திருந்தாள். செயலாளர் சுவரில் மாட்டிய எண்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு தள்ளிக்கொண்டார்.